வின்செஸ்டர் சிட்டி மில்: ஆற்றுத் தண்ணீரில் ஓடும் பழைய மாவு ஆலை பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இங்கிலாந்தின் வின்செஸ்டர் நகரில் ஆற்றின் மேல் உட்கார்ந்திருக்கும் இந்த ஆலைக்கு ஊரிலிருந்து வரும் உறவினர்களையும் நண்பர்களையும் அழைத்துப் போவது எனக்கு வழக்கமாகிவிட்டது. போகும்போதெல்லாம் ஏறக்குறைய அதே கேள்விகள்தான் வருகின்றன. ஒவ்வொரு முறையும் பாதி பதிலை மறந்துவிட்டு ரயிலில் திரும்பும்போது ஞாபகப்படுத்திக்கொண்டு சொல்வேன், அதனால் மொத்தமாக ஒரே இடத்தில் எழுதி வைக்கிறேன்.

இந்த ஆலை சரியாக எங்கே இருக்கிறது?

வின்செஸ்டரின் ஹை ஸ்ட்ரீட்டில் கிழக்கே இறங்கி நடந்தால் வாளை உயர்த்திப் பிடித்தபடி நிற்கும் ஆல்ஃபிரெட் மன்னரின் சிலை வரும் (1901-இல் வைத்தது). அதைத் தாண்டியதும் ஒரு சின்னக் கல் பாலம். பாலத்தை ஒட்டி, ஆற்றின் மேலேயே நிற்கும் செங்கல் கட்டடம்தான் சிட்டி மில். கீழே ஓடுவது இட்சென் ஆறு. அந்த இடத்தில் 9-ஆம் நூற்றாண்டிலேயே செயின்ட் சுவிதன் என்ற பிஷப் ஒரு பாலம் கட்டினார் என்பார்கள். பாலத்தில் ஒரு ஏழைப் பெண்ணின் கூடையிலிருந்து விழுந்து உடைந்த முட்டைகளை அவர் மறுபடி முழுசாக்கிக் கொடுத்தார் என்று ஒரு கதையும் உண்டு. குழந்தைகளோடு போனால் இந்தக் கதையிலிருந்து ஆரம்பியுங்கள்.

கார்ன் மில் என்கிறார்களே, மக்காச்சோளம் அரைத்தார்களா?

இல்லை. பிரிட்டனில் பழைய வழக்கில் 'கார்ன்' என்றால் பொதுவாகத் தானியம். கோதுமை, பார்லி, ஓட்ஸ், ரை எல்லாம் அதில் அடக்கம். மக்காச்சோளம் அமெரிக்கக் கண்டத்துப் பயிர், கொலம்பஸுக்கு அப்புறம்தான் ஐரோப்பாவுக்கு வந்தது. இந்த ஆலையோ அதற்கு நானூறு வருஷத்துக்கு மேல் மூத்தது. நம் வழக்கில் சொன்னால் 'மாவு மில்', அவ்வளவுதான்.

எவ்வளவு பழையது?

எழுத்தில் முதலில் வருவது 1086-இல். நார்மன் அரசன் வில்லியம் நாடு முழுக்க நிலம், உழவு மாடு, ஆலை என்று கணக்கெடுத்த டூம்ஸ்டே புத்தகத்தில். இதில் ஒரு விசேஷம் இருக்கிறது. அந்தக் கணக்கெடுப்பில் வின்செஸ்டர் நகரத்துக்கென்று தனிப் பக்கமே கிடையாது, லண்டனுக்கும் கிடையாது. அப்படியிருந்தும் இந்த ஆலை பதிவானதற்குக் காரணம், அது வெளியூரில் இருந்த வெர்வெல் கன்னியர் மடத்தின் சொத்து. ராணி எல்ஃப்ரித் 10-ஆம் நூற்றாண்டின் கடைசியில் நிறுவிய மடம் அது. மடத்தின் சொத்துப் பட்டியலில் 'வின்செஸ்டரில் ஒரு ஆலை, 48 ஷில்லிங்' என்று ஒரு வரி. அந்த வரி இருப்பதால்தான் நாம் இன்றைக்குப் பேசிக்கொண்டிருக்கிறோம். 1086-க்கு முன்பே, சாக்ஸன் காலத்திலேயே, இங்கே ஆலை இருந்திருக்க வேண்டும் என்றுதான் பொதுவாக நம்புகிறார்கள். வருமானம் அவ்வளவு வந்த ஆலை நேற்று முளைத்ததாக இருக்காது, இல்லையா?

48 ஷில்லிங் அப்படிப் பெரிய தொகையா?

பெரிய தொகைதான். அப்போது ஷில்லிங் என்று காசே கிடையாது, அது கணக்குக்கு மட்டும். கையில் புழங்கியது வெள்ளிப் பென்னி, 12 பென்னி ஒரு ஷில்லிங். அப்படியென்றால் 48 ஷில்லிங் என்பது 576 வெள்ளிக் காசு, வருஷா வருஷம். அதே புத்தகத்தில் சில ஷில்லிங் மட்டும் கட்டிய ஆலைகள் ஏராளம், காசுக்குப் பதில் விலாங்கு மீனாக வாடகை கொடுத்த ஆலைகளும் உண்டு. அந்தப் புத்தகத்தில் உள்ள ஐயாயிரம் ஆறாயிரம் ஆலைகளில் அதிகம் சம்பாதித்தவற்றில் இதுவும் ஒன்று.

அவ்வளவு பணம் எங்கிருந்து வந்தது? வீட்டிலேயே திரிகையில் அரைத்துக்கொள்ள முடியாதா?

இதுதான் எனக்குப் பிடித்த கேள்வி. முடியும், ஆனால் பல இடங்களில் விடமாட்டார்கள். நிலத்துக்குச் சொந்தக்காரரான பிரபுவோ மடமோ, தன் குடிகள் தன் ஆலையில்தான் அரைக்க வேண்டும் என்று உரிமை கொண்டாடியது. கூலி காசாக இல்லை, தானியமாக. இவ்வளவு கொண்டுவந்தால் இவ்வளவு எடுத்துக்கொள்வோம் என்று ஒரு பங்கு. பதினாறில் ஒன்று என்பது அடிக்கடி காணப்படும் அளவு, இடத்துக்கு இடம் மாறும்.

வின்செஸ்டரில் இல்லை, ஆனால் லண்டனுக்கு வடக்கே செயின்ட் ஆல்பன்ஸ் என்ற ஊரில் நடந்ததைச் சொன்னால்தான் இது எவ்வளவு கசப்பான விஷயம் என்று புரியும். 14-ஆம் நூற்றாண்டில் அந்த ஊர் மடத்தின் தலைவர், வாலிங்ஃபோர்டின் ரிச்சர்ட், மக்களின் வீடுகளில் இருந்த திரிகைக் கற்களைப் பறிமுதல் செய்து, அவற்றைத் தன் மடத்துக் கூடத்தின் தரையில் பாவிவிட்டார். யோசித்துப் பாருங்கள், உங்கள் வீட்டுத் திரிகை இன்னொருவர் காலடியில் தரையாகக் கிடக்கிறது. ஐம்பது வருஷம் அப்படியே கிடந்தது. 1381-இல் குடியானவர்கள் கிளர்ச்சி வெடித்தபோது ஊர் ஜனங்கள் மடத்துக்குள் புகுந்து முதலில் செய்த காரியங்களில் ஒன்று, அந்தத் தரையைப் பெயர்த்து, கல்லைத் துண்டு துண்டாக உடைத்து, கோயில் பிரசாதம் போல ஆளுக்கொன்றாகப் பங்கிட்டுக்கொண்டது. தாத்தா பாட்டியிடமிருந்து பிடுங்கிய கல் பேரன் கைக்குத் திரும்பி வந்தது. பழைய ஆலைகளைப் பார்த்து 'எவ்வளவு அழகு' என்று படம் எடுக்கும்போது இதையும் மனதில் வைத்துக்கொள்ள வேண்டும் என்பது என் எண்ணம்.

ஆலைக்காரர் கூலியைத் தானியமாக எடுப்பதைக் கட்டுப்படுத்தி, காசாக வாங்கச் சொல்லி, விலைப் பட்டியலை ஆலையில் எல்லார் கண்ணிலும் படும்படி ஒட்டச் சொன்ன சட்டம் 1796-இல்தான் வந்தது.

இவ்வளவு சம்பாதித்த ஆலை ஏன் பாழானது?

14-ஆம் நூற்றாண்டு வின்செஸ்டரை அடித்துப் போட்டுவிட்டது. முதலில் விளைச்சல் பொய்த்து பஞ்சம், அப்புறம் 1348-49-இல் கொள்ளைநோய். அதோடு ஒரு காலத்தில் தலைநகரமாக இருந்த ஊரின் அந்தஸ்து எல்லாம் லண்டனுக்குப் போய்விட்டது. சாப்பிட ஆள் குறைந்தால் அரைக்க ஆலை எதற்கு? 1471 வாக்கில் ஆலை இடிந்து கிடந்தது. எட்டாம் ஹென்றி மடங்களைக் கலைத்தபோது வெர்வெல் மடமும் போனது, ஆலை அரசரின் கைக்கு வந்தது.

'சிட்டி மில்' என்ற பெயர் எப்படி வந்தது?

ஒரு கல்யாணத்தால் வந்தது. 1554 ஜூலை 25-இல் ராணி மேரி, ஸ்பெயின் இளவரசர் பிலிப்பை வின்செஸ்டர் தேவாலயத்தில் திருமணம் செய்துகொண்டார். ராஜ கல்யாணம் என்றால் ஊருக்குச் செலவு எப்படி ஆகியிருக்கும்! அந்தச் செலவுக்கு ஓரளவு ஈடாக ராணி இந்த ஆலையை நகரத்துக்குக் கொடுத்தார். அதற்கு முன்னால் கிழக்கு வாசல் ஆலை என்று பெயர், நகரத்துச் சொத்தானதும் சிட்டி மில்.

இப்போது நிற்கும் கட்டடம் அந்தக் காலத்துடையதா?

இல்லை. இதை 1743-இல் திரும்பக் கட்டியவர் மரியா ஃப்ளாயர் என்ற பெண்மணி. சொந்தக்காரர்கூட இல்லை, குத்தகைக்கு எடுத்தவர். பெண்கள் பெயரில் தொழில் நடப்பது அபூர்வமாக இருந்த காலத்தில், குத்தகை நிலத்தில், ஆற்றின் மேல் ஒரு ஆலையை எழுப்பியிருக்கிறார். ராணியையும் பிஷப்பையும் விட இந்த ஆலைக்கு அதிகம் செய்தவர் அவர்தான் என்று நான் எல்லோரிடமும் சொல்வேன். 1820-இல் ஜான் பென்ஹாம் என்பவர் விலைக்கு வாங்கினார், அப்புறம் அவர் குடும்பத்தார் பல ஆண்டுகள் நடத்தினார்கள்.

உள்ளே எப்படித்தான் வேலை செய்கிறது?

ஆற்றிலிருந்து தண்ணீரை ஒரு குறுகிய வாய்க்காலுக்குள் நெருக்கி விடுகிறார்கள், முன்னால் மதகு. மதகைத் தூக்கினால் தண்ணீர் சீறி வந்து சக்கரத்தின் கீழ்ப்பகுதிப் பலகைகளில் மோதித் தள்ளும். இது சமவெளி ஆறு, உயரத்திலிருந்து தண்ணீர் கொட்டும் வசதி இல்லை. அதனால் தண்ணீரின் அளவையும் வேகத்தையும் நம்பித்தான் பிழைப்பு.

சக்கரம் நிதானமாகத்தான் சுற்றும், எண்ணிவிடலாம். அதன் அச்சு சுவரைத் துளைத்து உள்ளே வந்து ஒரு பெரிய பல்சக்கரத்தைச் சுற்றுகிறது. அது நெட்டுக்குத்தாக நிற்கும் தூணைச் சுற்ற, தூணில் உள்ள இன்னொரு பெரிய சக்கரம் சின்னச் சக்கரத்தைச் சுற்றுகிறது. பெரிசு சின்னதைச் சுற்றும்போது ஒவ்வொரு கட்டத்திலும் வேகம் கூடிக்கொண்டே போகும். கடைசியில் கல் நிமிஷத்துக்கு நூறு, நூற்றிருபது சுற்று வரை ஓடும், இந்த மாதிரி ஆலைகளில் அதுதான் வழக்கமான வேகம்.

கல் இரண்டு. அடிக்கல் அசையாது, மேல்கல்தான் சுற்றும். நம் திரிகையேதான், என்ன, மேல்கல் மட்டும் ஒரு டன் எடைக்கு வரும், நாலடி அகலம் இருக்கும். இரண்டும் ஒன்றையொன்று தொடவே கூடாது. நடுவில் தானியம் விழும் இடத்தில் இடைவெளி சற்று அதிகம், விளிம்புக்கு வரவர மெல்லிய காகித அளவு. தொட்டுவிட்டால் பொறி பறக்கும், மாவுத்தூள் நிறைந்த அறையில் பொறி பறந்தால் ஆலையே போய்விடும். அதனால் தானியம் தீரப்போகிறது என்றால் எச்சரிக்க ஒரு மணி கட்டி வைப்பார்கள். தொட்டியில் தானியம் இருக்கும்வரை அதன் கனம் ஒரு வாரை அமுக்கிப் பிடித்திருக்கும், குறைந்ததும் வார் தளர்ந்து மணி அடிக்கும்.

கல்லின் மேலே ஒரு இரும்புத் தண்டு உண்டு. அது சுற்றும்போது தானியம் விழும் சரிவுப் பலகையை இடித்துக்கொண்டே இருக்கும், இடிக்க இடிக்கத் தானியம் கொஞ்சம் கொஞ்சமாகக் கல்லின் கண்ணுக்குள் உதிரும். கல் வேகமாகச் சுற்றினால் இடியும் வேகம், தானியமும் அதிகம், தண்ணீர் குறைந்து கல் மெதுவானால் தானியமும் தானே குறையும். யாரும் பக்கத்தில் நின்று அளக்க வேண்டியதில்லை. இந்தத் தண்டுக்கு ஆங்கிலேய ஆலைக்காரர்கள் வைத்த பெயர் 'டாம்சல்', இளம்பெண் என்று அர்த்தம். ஓயாமல் சலசலவென்று பேசிக்கொண்டே இருப்பதால் அப்படிக் கூப்பிட்டார்களாம்.

நான் முதலில் போன அன்று, கீழே மாவு வந்து விழும் குழாயின் வாயில் கையை நீட்டச் சொன்னார் அங்கிருந்த தன்னார்வலர். மாவு வெதுவெதுப்பாக இருந்தது. கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் தேய்த்துப் பார்க்கச் சொன்னார், அவரும் தேய்த்தார், 'கொஞ்சம் கரகரப்பு' என்று கல் இடைவெளியை மாற்றும் திருகாணியைச் சின்னதாகத் திருப்பினார். மறுபடி கை நீட்டினால் மாவு மாறியிருந்தது. முடி அளவு கூட இருக்காது அந்த மாற்றம், விரலுக்குத் தெரிகிறது.

கல் தேயாதா?

தேயும். கல்லின் முகத்தில் நடுவிலிருந்து விளிம்புவரை வாய்க்கால் மாதிரி வரிகள் வெட்டியிருப்பார்கள். தானியத்தைக் கத்தரிப்பதும், மாவை வெளியே தள்ளுவதும், சூடு ஏறாமல் காற்று விடுவதும் அந்த வரிகள்தான். மழுங்கினால் மேல்கல்லைத் தூக்கிப் புரட்டிப் போட்டு, உளியால் கொத்த வேண்டும். 'அம்மி கொத்தலையோ, ஆட்டுக்கல் கொத்தலையோ' என்று தெருவில் குரல் கேட்டு வளர்ந்தவர்களுக்கு இதற்குமேல் விளக்கம் வேண்டாம். இங்கிலாந்திலும் ஊர் ஊராகப் போய்க் கல் கொத்தியவர்கள் இருந்தார்கள். உளியிலிருந்து தெறித்த இரும்புத் துணுக்குகள் அவர்கள் புறங்கையில் தோலுக்கடியில் தங்கி நீலப் புள்ளிகளாக இருக்கும், புதிதாக வந்து வேலை தெரியும் என்று சொல்பவனிடம் ஆலைக்காரர் முதலில் கையைக் காட்டச் சொல்வாராம்.

நல்ல வெள்ளை மாவுக்கு பிரான்ஸிலிருந்து, பாரிஸுக்குக் கிழக்கே லா ஃபெர்த்தே-சூ-ஜுவார் என்ற ஊர்ப்பக்கம் வெட்டிய கல்தான் உயர்த்தி. பாளம் பாளமாக வரும், அவற்றை ஒட்டி இரும்புப் பட்டை போட்டு இறுக்கி ஒரே கல்லாக்குவார்கள்.

இரும்புச் சக்கரத்தில் ஏன் மரப் பல்?

இது வேண்டுமென்றே செய்தது. இரும்போடு இரும்பு உரசினால் சத்தம், தேய்மானம், பொறி. ஒரு பக்கம் இரும்பு, மறுபக்கம் ஆப்பிள் மரம் போன்ற கடினமான மரம் என்றால் சத்தம் குறைவு. ஏதாவது சிக்கிக்கொண்டால் ஒரு மரப் பல் உடையும், மொத்தச் சக்கரமும் நொறுங்காது. உடைந்ததைத் தச்சர் அன்றைக்கே மாற்றிவிடலாம்.

குளிர்காலத்தில் ஆறு உறையாதா? வெள்ளம் வந்தால்?

இட்சென் சுண்ணாம்புப் பாறையில் ஊறி வரும் ஊற்று நீரால் ஓடும் ஆறு. வருஷம் முழுக்க ஏறக்குறைய ஒரே குளிர்ச்சி, வற்றுவதும் அரிது, உறைவதும் அரிது. ஆலைக்கு இதைவிட நல்ல ஆறு கிடைக்காது. வெள்ளம்தான் தொல்லை. நிறையத் தண்ணீர் வந்தால் சக்கரம் வேகமாகச் சுற்றும் என்று நினைப்போம், நடப்பது வேறு. ஆலைக்குக் கீழ்ப்பக்கம் தண்ணீர் ஏறிவிட்டால் சக்கரத்தின் அடி அதில் மூழ்கி, தேங்கிய தண்ணீரைத் தள்ளவே பலம் போய்விடும். கண்ணெதிரே ஆறு கரைபுரண்டு ஓடும், சக்கரம் நிற்கும்.

எப்போது, ஏன் நின்றது?

20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில். 1880-களிலிருந்து எஃகு உருளைகளால் அரைக்கும் பெரிய ஆலைகள் துறைமுகங்களில் வந்தன, வட அமெரிக்காவிலிருந்து கப்பலில் வந்த கடினக் கோதுமையை இறக்கிய இடத்திலேயே அரைத்துத் தள்ளின. உருளை தவிட்டையும் முளையையும் சுத்தமாகப் பிரித்துவிடும், மாவு பால் போல வெளுக்கும், மாதக்கணக்கில் கெடாது, விலையும் குறைவு. ஊர் ஊராக ஆற்று ஆலைகள் மூடின. ஜனங்கள் கேட்டது வெள்ளை ரொட்டி, அதற்காக யாரையும் குறை சொல்ல முடியாது.

அப்புறம் கட்டடம் எப்படித் தப்பியது?

கொஞ்ச காலம் சலவைக்கூடமாக இருந்தது. 1928-இல் விற்பனைக்கு வந்தபோது இடித்துவிடுவார்கள் என்ற நிலை. சில நல்ல மனிதர்கள் சேர்ந்து பணம் போட்டு வாங்கி, பழைய கட்டடங்களைப் பாதுகாக்கும் நேஷனல் டிரஸ்ட் அமைப்பிடம் ஒப்படைத்தார்கள். 1931-இல் இளைஞர் விடுதி ஆனது, அந்த நாட்டின் ஆரம்பகால விடுதிகளில் ஒன்று. 2005 வரை, எழுபது வருஷத்துக்கு மேல், சைக்கிளிலும் நடந்தும் வந்த பிள்ளைகள் ஆற்றின் இரைச்சலுக்கு மேலே தூங்கி எழுந்தார்கள். கூரை ஒழுகாமல் பார்த்துக்கொள்ள ஆள் இருந்ததே பெரிய விஷயம். ஆள் புழங்காத கட்டடம் பத்து வருஷம் தாங்காது.

மறுபடி எப்படி ஓட வைத்தார்கள்?

பன்னிரண்டு வருஷம் பிடித்தது. 2004-இல் தண்ணீரின் பலத்தால் மறுபடி மாவு அரைத்தார்கள், கல் நின்று குறைந்தது தொண்ணூறு வருஷத்துக்கு அப்புறம், பாட்டன் காலம் என்று சொல்லும் அளவுக்கு இடைவெளி.

ஓட வைக்கத்தான் வேண்டுமா? அப்படியே காட்சிக்கு வைத்தால் போதாதா?

போதாது என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. நிற்கும் ஆலையில் மரம் காய்ந்து வெடிக்கும், இரும்பு துருப்பிடிக்கும், அதைவிட முக்கியமாக விரலால் மாவைத் தேய்த்துப் பார்க்கும் அந்த அறிவு போய்விடும். அது எந்தப் புத்தகத்திலும் இல்லை, ஒருவர் பக்கத்தில் நின்று இன்னொருவர் கற்றுக்கொள்வது. டார்செட்டில் ஸ்டர்மின்ஸ்டர் நியூட்டன் என்ற ஊர் ஆலையைப் பாருங்கள். அருங்காட்சியகமாக, பார்வையாளர்களுக்காக அவ்வப்போது அரைத்துக்கொண்டிருந்த ஆலை அது. 2020-இல் கொரோனா ஊரடங்கில் கடைகளில் மாவு தீர்ந்தபோது, முழு வீச்சில் ஓடி அக்கம்பக்கத்துக் கடைகளுக்கு மாவு கொடுத்தது. கல் கொத்தத் தெரிந்தவரும் மதகு தூக்கத் தெரிந்தவரும் அங்கே இருந்தார்கள், அதனால் முடிந்தது.

இந்த மாவில் சப்பாத்தி வருமா?

வரும். முழுக்கோதுமை மாவு, முளையும் தவிடும் உள்ளேயே இருக்கும், வாசனையே வேறு. நம் ஆட்டாவை விடத் தவிடு பெரிசு பெரிசாக இருப்பதால் ஒருமுறை சலித்துவிட்டுப் பிசையுங்கள், அரைமணி நேரம் ஊறட்டும். முளையின் எண்ணெய் உள்ளே இருப்பதால் சீக்கிரம் காறல் வாடை வரும், நிறைய வாங்கிச் சேர்த்து வைக்காதீர்கள்.

நீர்நாய் வருமாமே?

வரும், பெரும்பாலும் இரவில். ஆலைக்கு அடியில் ஓடும் வாய்க்கால்கள் அவற்றுக்கு நடைபாதை மாதிரி. கேமரா வைத்துப் பதிவு செய்து பார்வையாளர்களுக்குக் காட்டியிருக்கிறார்கள். பகலில் நேரில் பார்க்க அதிர்ஷ்டம் வேண்டும், எனக்கு இதுவரை இல்லை.

எப்படிப் போவது, எவ்வளவு நேரம் வேண்டும்?

லண்டன் வாட்டர்லூவிலிருந்து ரயிலில் ஒரு மணி நேரம். நிலையத்திலிருந்து கால் மணி, இருபது நிமிஷ நடை, இறக்கம்தான். திறந்திருக்கும் நாளும் அரைக்கும் நாளும் ஒன்றில்லை. கிளம்பும் முன் இரண்டையும் நேஷனல் டிரஸ்ட் இணையதளத்தில் பார்த்துக்கொள்ளுங்கள், அரைக்கும் நாளாகவே போங்கள். சுற்றிப் பார்க்க ஒரு மணி நேரம் தாராளம். மதகைத் தூக்கும் நேரத்தைக் கேட்டு வைத்துக்கொண்டு, அதற்குக் கொஞ்சம் முன்னாலேயே உள்ளே போய் நில்லுங்கள். முதலில் தண்ணீர் சத்தம் மாறும், அப்புறம் காலுக்கடியில் பலகை அதிரும், அதற்கப்புறம்தான் டாம்சல் பேச ஆரம்பிக்கும்.